சஹர் நேரத்துக் குளிசை

இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிற மெஷின் இப்போது எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டதாம். காலையில் இரத்தம் எடுத்தால் பகல் சாப்பாட்டுக்கு முன் முடிவு கையில். அந்தச் சந்தோஷத்தில் நலன்புரிச் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்கள். "மிஸ்ஸி, நீங்க கிட்னிக் கிளினிக்க நடத்தின காலத்தப் பத்தி எழுதித் தாங்க, நல்ல சம்பவமா ஒண்டு" என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். நல்ல சம்பவங்கள் இல்லாமல் இல்லை. கிட்னி மாற்றிக்கொண்டு போய்ப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மகளின் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று பரிமாறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மெஷின் என்றதும் எனக்கு நினைவு வந்தவர் மாவடிப்பள்ளி ஆதம்பாவாதான். அவரை விட்டுவிட்டு வேறு எதையும் எழுத எனக்குக் கை ஓடவில்லை. மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

நான் மருதமுனைக்காரி. தறிச் சத்தத்துக்குள் இருந்து படித்தவள். மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி. பொம்பிளைப் பிள்ளை ஆம்பிளைகளின் வார்ட்டில் வேலை செய்வதா என்று கதைத்த ஊர்க்காரர்கள், பிறகு தங்கள் வாப்பாமாருக்கு ஊசி போட என்னைத்தான் தேடி வந்தார்கள். சத்திரசிகிச்சை, பிரசவம் என்று எல்லா வார்ட்டிலும் உருண்டு, சுனாமியில் கடல் வந்து போன பிறகு கட்டின புதுக் கட்டிடத்தில் கிட்னிக் கிளினிக்குக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டொக்டர் சிவகுருநாதன். யாழ்ப்பாணத்து ஆள். சத்தம் போட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். நோயாளி உள்ளே வந்தால் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்ப்பார். பெருவிரலால் கணுக்காலை அமத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று டோர்ச் அடிப்பார். கழுத்திலும் கமக்கட்டிலும் கட்டி ஏதும் திரண்டிருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடுவார். கடைசியில் குளிசை மட்டைகளை மேசையில் பரப்பச் சொல்லி, வெறுமையான குழிகளைப் பார்ப்பார். ஒரு சாராருக்கு மட்டும் கதிரையை விட்டு எழும்பி நிற்பார். அவர்கள் கிட்னி கொடுத்தவர்கள். மந்திரி வந்தபோதும் இருந்த இடத்திலிருந்து அசையாத மனிசன், வயலில் களை பிடுங்குகிற பொம்பிளைக்கு எழும்பி நிற்பதைக் கண்டபோதுதான் எனக்கு அவரைப் பிடித்தது.

கிளினிக்கோடு சேர்த்து அவர் ஓர் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். வேறொருவரின் கிட்னியை வைத்தால் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு அழிக்கப் பார்க்கும். அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கக் குளிசை கொடுக்கிறோம். காலையும் மாலையும், வாழ்நாள் முழுக்க. அடக்கம் கூடினால் கிருமி உள்ளே வரும், நாள் போகப் புற்றுநோயும் வரலாம். குறைந்தால் கிட்னி போய்விடும். வெள்ளம் நிற்கிற வயலில் வரம்பால் நடப்பது மாதிரி, இரண்டு பக்கமும் சறுக்கும். எங்கள் கரையோரத்து ஆட்களுக்கு, இந்தச் சேற்றிலும் வெயிலிலும் வேலை செய்கிறவர்களுக்கு, எந்த அளவு சரி என்பதுதான் அவருடைய கேள்வி. கொழும்புப் புத்தகத்தில் இருக்கிற அளவு மாவடிப்பள்ளி உடம்புக்குப் பொருந்துமா என்று கேட்பார்.

அளவு பார்க்க இரத்தம் எடுப்பது என் வேலை. அதில் ஒரு விதி உண்டு. காலைக் குளிசை போடும் முன் எடுக்க வேண்டும். முதல்நாள் மாலை போட்ட மருந்து இரத்தத்தில் வடிந்து, அடிமட்டத்தில் நிற்கிற நேரம் அது. மழைக்கு முன் குளத்தை அளப்பது போல. மழை பெய்த கையோடு அளந்தால் எந்தக் குளமும் நிறைந்துதான் தெரியும். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, குலுக்காமல், மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் இரத்தம் உறைந்து கெட்டுவிடும் என்று துவாயில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவேன். பெட்டி பஸ்ஸில் கொழும்புக்குப் போகும். முடிவு வரக் கிழமைக்கு மேல் ஆகும். அதுவரை போட்ட அளவிலேயே ஓட வேண்டியதுதான்.

ஆதம்பாவாவுக்கு முன் ஒரு டீச்சரைச் சொல்ல வேண்டும். பாண்டிருப்பில் சங்கீதம் படிப்பித்தவர். கணவரின் கிட்னி. மருந்தின் அளவு அவருக்கு எப்போதும் கொஞ்சம் உயரத்திலேயே நின்றது. கிட்னி நன்றாக வேலை செய்கிறதே, கை வைப்பானேன் என்று டொக்டர் விட்டுவைத்தார். ஒருநாள் கழுத்தைத் தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது. நிணநீர்க் கணுவில் புற்றுநோய். அடக்கத்தைத் தளர்த்தினால் உடம்பே கட்டியோடு சண்டை பிடிக்கும் என்று மருந்தைக் குறைத்துப் பார்த்தார். பிந்திவிட்டது. டீச்சர் பாடுகிற குரல் போய், பேசுகிற குரல் போய், பிறகு ஆளும் போனார். "கிட்னி போனா டயலிசிஸ் மெஷின் இருக்கு, சிஸ்டர். இதுக்கு ஒண்டும் இல்லை" என்றார் டொக்டர். அன்றிலிருந்து அளவு கூடி வந்த எந்த முடிவுத் துண்டையும் அவர் சும்மா விடவில்லை. கண்டதும் குறைப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததுக்கு அவரைக் குற்றம் சொல்ல வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஆதம்பாவா வயல்காரர். நாற்பதைத் தாண்டவில்லை. கிட்னி கொடுத்தவர் அவருடைய ராத்தா, மூத்த சகோதரி ஆசியா உம்மா. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். வாப்பா இல்லாத வீட்டில் அந்தச் சுமை தம்பியின் தலையில் விழுந்தது. தன் கலியாணத்தைத் தள்ளிப் போட்டு, ராத்தாவுக்குக் கல்வீடு கட்டி முடித்துவிட்டுத்தான் அவர் தனக்குப் பெண் பார்த்தார். பரிசோதனைக்கு வந்த நாளில், யாரும் உங்களை வற்புறுத்தினார்களா என்று நான் முறைப்படி கேட்டேன். ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன மிஸ்ஸி கதைக்கிறீங்க? அவன் எனக்கு வீட்டத் தந்தவன். எனக்குள்ள ரெண்டு இரிக்கி, அவனுக்கு ஒண்டும் இல்ல. இதுல என்ன வற்புறுத்தல்?"

மலைநாட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றினார்கள். ராத்தாவின் கிட்னி தம்பியின் உடம்பில் முதல்நாளே சிறுநீர் பெய்தது. திரும்பி வந்து எங்கள் கிளினிக்கில் சேர்ந்தபோது ஆளின் முகத்திலிருந்த கறுப்பு வடிந்திருந்தது. சேற்றில் இறங்காதீர்கள் என்றோம், இறங்கவில்லை. குளிசையை ஒரு நேரமும் விடவில்லை. டொக்டரே ஒருநாள், "உம்மைப் போல ஆக்கள் இருந்தா எனக்கு வேலை இல்லை" என்றார். அந்த வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

அந்த வருஷ நோன்பு வந்தது. கிட்னி மாற்றினவர்கள் நோன்பு பிடிக்கக் கூடாது என்பது டொக்டரின் சட்டம். காரணம் சொல்ல மாட்டார். "பிடிக்கப்படாது. விளங்கிச்சோ?" என்பார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மார்க்கத்திலும் நோயாளிக்கு விலக்கு இருக்கிறது, அதை எங்கள் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் டயலிசிஸில் கிடந்த காலமெல்லாம் நோன்பைப் பார்த்து ஏங்கிய மனிசனுக்கு, உடம்பு சுகமானதும் முதல் ஆசை அதுவாகத்தான் இருக்கும். அந்த ஆசை டொக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கும். ஆனாலும் ஆதம்பாவாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரவில்லை.

நோன்பு தொடங்கிய கிழமையில் இரத்தம் எடுக்க வந்தார்.

"காலக் குளிசை போட்டுட்டீங்களா?"

"இல்ல மிஸ்ஸி. இஞ்ச வெச்சிரிக்கன்" என்று சேட் பொக்கற்றிலிருந்து மட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். "இரத்தம் குடுத்திட்டு வெளிய போய்ப் போட்டுக்குவன்."

எடுத்து அனுப்பினேன். அளவு கூடி வந்தது. டொக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு மருந்தைக் குறைத்தார். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில், அதே மட்டைத் துண்டு. அளவு இன்னும் உயரத்தில்தான் நின்றது. மறுபடியும் குறைத்தார். உதடு காய்ந்திருந்ததே, உனக்குத் தெரியவில்லையா என்று பிறகு என்னிடமே கேட்ட கெட்டிக்காரர்கள் உண்டு. கிட்னி நோயாளியின் உதட்டை அவர்கள் பார்த்ததில்லை. நான் கேட்டேன், அவர் இல்லை என்றார். அதற்கு மேல் ஒரு தாதி என்ன செய்ய வேண்டும்?

பெருநாள் முடிந்து வந்தபோது டொக்டர் அவருடைய கணுக்காலை அமத்தினார். குழி விழுந்தது. சிறுநீர் குறைந்திருந்தது. அன்றே ஆளை வார்ட்டில் போட்டோம். அன்று எடுத்த இரத்தத்தின் முடிவு வந்தபோது மருந்து தரையில் கிடந்தது. உயரத்திலிருந்த அளவு இப்படிக் குத்துக்கரணம் அடிக்காது என்று டொக்டர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பு ராத்தாவின் கிட்னியை அந்நியன் என்று கண்டுகொண்டுவிட்டது. ஆளை வார்ட்டில் போட்டோம்.

ராத்தா பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, யாரோ தம்பியைக் குறை சொல்லிவிட்டது போல என்னோடு கதைத்தார்.

"அவன் ஒரு நேரம் மருந்த விட்டவனில்ல மிஸ்ஸி. நோன்பு முழுக்கச் சஹருக்கு நான்தான் எழுப்பி விடுவன். சோத்தத் திண்டுட்டு, பாங்கு சொல்ல முந்திக் குளிசையப் போட்டுக்குவான். மறுகா நோன்பு திறந்த கையோட மத்தது. மணிக்கூடு மாதிரி."

விடியும் முன் போட்ட குளிசை. காலையில் நான் எடுத்த இரத்தம். மருந்து ஏறி நின்ற நேரத்தில் அளந்து, அதை அடிமட்டம் என்று நம்பியிருக்கிறோம். ராத்தாவிடம் ஒன்றும் சொல்லாமல் டொக்டரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார்.

"சரியா இருந்த மருந்தை நான் வெட்டிப் போட்டிருக்கிறன்" என்றார். பிறகு, "நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேட்டன் சேர். ரெண்டு முறையும் கேட்டன். போடல்லயெண்டு சொன்னார்."

"ஏன் பொய் சொன்னவர்?"

"சஹருக்குப் போட்டதெண்டு சொன்னா நோன்பு பிடிக்கிறது தெரிஞ்சிரும். நீங்கதான் பிடிக்கக் கூடாதெண்டு சொல்லி வெச்சிரிக்கீங்களே."

அவரிடம் நான் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் முறை.

ஆதம்பாவாவை மலைநாட்டுக்கு அனுப்பினோம். கிட்னியைக் காப்பாற்ற, உடம்பின் எதிர்ப்பை ஒரேயடியாக அடக்குகிற மருந்துகளை நரம்பு வழியாக ஏற்றினார்கள். கிட்னி கொஞ்சம் தேறியது. திரும்பி வந்தார். எல்லாரும் மூச்சு விட்டோம். பிறகு காய்ச்சல் தொடங்கியது. நெஞ்சுப் படத்தில் நுரையீரல் வெள்ளையாய்த் தெரிந்தது. டொக்டர் இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கக் கொடுத்து, முடிவைத் தானே ஆய்வுகூடத்தில் போய் நின்று வாங்கி வந்தார். வயல் மண்ணிலும் தேங்கின தண்ணியிலும் வாழ்கிற கிருமி. கிட்னி மாற்றின பிறகு சேற்றில் காலே வைக்காத ஆளுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். முன்பே எப்போதோ உள்ளே போய்ப் பதுங்கியிருக்கலாம், காவல் இல்லாத நேரம் பார்த்து எழும்பியிருக்கிறது என்றார். பொருத்தமான ஊசி இருந்தது, போட்டோம். எதிர்த்து நிற்க உடம்பில் ஆள் இல்லாதபோது ஊசி மட்டும் என்ன செய்யும்? கிட்னி முதலில் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குச் சனம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், மூச்சும் நின்றது.

ஜனாஸாவை எடுத்துப் போன பிறகு டொக்டரும் நானும் முட்டிக்கொண்டோம். ராத்தாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றேன். வாயால் கேட்காவிட்டாலும் அந்த மனிசி கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சொல்ல வேணும். அவவுக்கு நான்தான் சொல்ல வேணும்" என்றார் டொக்டர். "ஆனா இப்ப வேண்டாம், சிஸ்டர். தம்பியும் போய், குடுத்த கிட்னியும் மண்ணுக்குள்ளை போய், அதுக்கு மேலை இதையும் ஏத்தேலாது."

விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடியாத ஆதம்பாவாவின் பெண்சாதியையும் பிள்ளைகளையும் அதே கல்வீட்டில் வைத்து ராத்தாதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் போகட்டும் என்றார் டொக்டர். பிறகு இன்னும் கொஞ்சம் என்றார். நான் ஒவ்வொரு முறையும் கேட்டேன். விரலால் தடவியே நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இந்தப் பெரிய மனிசர்களுக்கு வாயைத் திறக்க மட்டும் தைரியம் வராது என்று எனக்குள் திட்டிக்கொண்டேன்.

அடுத்த நோன்புக்கு முன் அவர் தன் சட்டத்தை மாற்றினார். அவர் அப்படி மாற்றி நான் அதுவரை கண்டதில்லை. பிடிக்கக் கூடாது என்று சொல்லி அவர்களை ஒளிக்க வைக்கக் கூடாது, பிடிக்க நினைப்பவர் சொல்லிவிட்டுப் பிடிக்கட்டும், முடியாதவரை நாம் மறிப்போம், முடிந்தவருக்கு இரத்தம் எடுக்கிற நேரத்தை மாற்றுவோம் என்றார். நோன்பு திறக்கும் முன், மாலையில் எடுப்பதற்கு ஆள் வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றார். பள்ளிவாசல்களில் போய்ப் பேசவும் ஒத்துக்கொண்டார். முதல் கூட்டம் மாவடிப்பள்ளியில், பள்ளியோடு ஒட்டின மதரசா மண்டபத்தில், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு.

"முதல்ல ராத்தாட வீட்ட போவம் சேர், மறுகா கூட்டம்" என்றேன்.

"கூட்டம் முடிய நேரை அங்கைதான் போறம். ஆம்பிளையளுக்குத்தானே பேசிறம்" என்றார்.

மண்டபத்தின் நடுவே திரை கட்டியிருந்ததும், திரைக்குப் பின்னால் பெண்கள் நிறைந்திருந்ததும் அவருக்குத் தெரியாது. பள்ளி ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்திருந்தார்கள். நான் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், மூன்றாம் வரிசையில் ஆசியா ராத்தா. எழும்பிப் போய் டொக்டரை நிறுத்தலாமா என்று நினைப்பதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. நல்ல மனிசன் ஒருவர், மருந்தை ஒரு நேரமும் விடாதவர், விடியும் முன் குளிசை போட்டார், அதை எங்களுக்குச் சொல்லவில்லை, இரத்தம் எங்களை ஏமாற்றியது, நான் மருந்தைக் குறைத்தேன், பிழை என்னுடையதும்தான் என்று அடங்கின குரலில் சொன்னார். "நோன்பு பிடிச்சா எங்களுக்குச் சொல்லுங்கோ. ஒளிக்காதேங்கோ. ஒரு சொல்லு போதும்" என்றார். பெண்கள் ஒருவரும் ராத்தாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாத அந்த விதத்திலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. ராத்தா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, திரையையே பார்த்தபடி இருந்தார்.

கூட்டம் கலைந்தபோது அவரே என்னிடம் வந்தார். அழவில்லை.

"அந்த ஆள் நம்மட தம்பிதானே மிஸ்ஸி?"

"ஓம் ராத்தா."

"அப்ப நான் குடுத்த குளிச?"

"நீங்க குடுத்த குளிச சரி. நேரமும் சரி. நாங்க அளந்த நேரம்தான் பிழைச்சுப் போச்சி."

பிறகு கேட்டார்.

"சஹருக்குக் குளிச போட்டதெண்டு ஒரு சொல்லு ஒங்களுக்குச் சொல்லியிருந்தா, தம்பி இரிந்திருப்பானா?"

இந்த மனிசிக்கு உண்மையை மறைத்தது போதும் என்ற கோபம் எனக்குள் அத்தனை மாதமாக இருந்தது. சுற்றி வளைத்து இன்னொரு மூடி போட எனக்கு மனமில்லை. கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"ஓம் ராத்தா. இரிந்திருப்பார்."

ராத்தா தலையை ஆட்டினார்.

"அவன் சொல்லத்தான் நிண்டவன் மிஸ்ஸி" என்றார். "டொக்டருக்கு வேணாம், மிஸ்ஸி நம்மட ஆள்தானே, அவக்கிட்டயாவது சொல்லிருவம் ராத்தாண்டு கேட்டான். நான்தான் வாயப் பொத்திட்டு இரிடாண்டு சொன்னன். எத்தின வருஷத்துக்குப் பொறகு அவன் பிடிக்கிற நோன்பு, மறிச்சிப் போட்டா ஒடஞ்சி போவானேண்டு."

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர் இறங்கி நடந்தார். டொக்டர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "சிஸ்டர், இப்ப அவவின்ரை வீட்டை போவமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.